மான் வேட்டை ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தீர்மானம்

டார்லீன் கோட்டிலாவுக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, கழுத்துதான் சிவக்கும். அமெரிக்காவின் வடக்கே, ஸ்டோனி பே காகித ஆலையில் டிஷ்யூ சுருள்களைப் பாக்கெட் போடும் லைனில் அவளோடு நிற்கிற பெண்களுக்கு இது தெரியும். காலையில் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சுக் கொடுப்பார்கள். 1998-ஆம் வருஷம் கோடையிலிருந்து நவம்பர் வரைக்கும் அந்தக் கழுத்து வெளுக்கவே இல்லை. காரணம் இரண்டு மாத்திரைகள். ஒன்றுக்கு இன்சூரன்ஸ் உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது.

அவளுக்கு வயது முப்பத்தாறு. மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், ஊரில் இருந்த ரத்தம் போதாமல் பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்து ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். கண் விழித்ததும் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, "இன்னொண்ணு வேண்டாம்மா, அடுத்த தடவை நான் பொறுப்பில்ல" என்பதுதான். அன்றிலிருந்து கருத்தடை மாத்திரை. அந்த மாத்திரைக்கு ஆலையின் இன்சூரன்ஸ் ஒரு சல்லிக்காசு தராது. மாதாமாதம் கைக்காசுதான்.

கர்ப்பப்பைக் குழாயைக் கட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஊரில் இருக்கிற ஒரே ஆஸ்பத்திரி கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்துவது, கருத்தடை பாவம் என்று அங்கே அது கிடையாது. புருஷன் செய்துகொள்ளலாமே என்று அடுத்து கேட்பீர்கள். வெய்ன் கோட்டிலா மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், ஆறடி இரண்டு அங்குலம். நவம்பர் வந்தால் மானைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வயிற்றைக் கிழித்துக் குடலை அள்ளிப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவான். அந்த வெய்னிடம் டார்லீன் ஒரு தடவை அந்தச் சின்ன ஆபரேஷன் பேச்சை எடுத்தாள்.

"கத்தியா? அங்கயா?" என்றான் வெய்ன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நிஜமாகவே வியர்த்துவிட்டது அவனுக்கு.

"கால் மணி நேர வேலையாம். அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாமாம்."

"சரி சரி, யோசிக்கிறேன்."

எட்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறான். மகாராஜன், நிதானமாக யோசிக்கட்டும்!

போன குளிர்காலத்தில் ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. அதே சமயம் வெய்னின் லாரியில் எஞ்சின் போனது. டார்லீன் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் வாங்கினாள், வீட்டுக்கு எரிவாயு நிரப்பினாள், மாத்திரையை விட்டுவிட்டாள். அப்புறம் நாள் தள்ளிப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. சமைத்தாள், துவைத்தாள், சின்னவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். இந்தப் பிள்ளைகளை வெய்ன் தனியாக எப்படி வளர்ப்பான் என்பதுவரை யோசித்துவிட்டாள். கடைசியில் ஒன்றும் இல்லை என்று ஆனது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு எழுந்து வேலைக்குப் போனாள். இன்னொரு தடவை அப்படி ஒரு பயத்தை என்னால் தாங்க முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள்.

கோடையில் அந்த நீல மாத்திரை வந்தது. ஆண்மைக்கான மாத்திரை. அமெரிக்கா முழுக்க அதே பேச்சு, தொலைக்காட்சியில் அதே சிரிப்பு. கடைக்கு வந்த சில வாரத்திலேயே ஆலையின் இன்சூரன்ஸ் அதற்குப் பணம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. மருந்துக்கடை வரிசையில் டார்லீனுக்கு முன்னால் நின்றவன் கொதிகலன் பிரிவுக்காரன், சில்லறை மாதிரி எதையோ கொடுத்துவிட்டு ஒரு பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு விசிலடித்தபடி போனான். அவள் முறை வந்தது, முழு விலை. சொல்லுங்கள், யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"அவனுங்க எழுப்புறதுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. அதனால வர்றதைத் தடுக்க இல்லியாம்!" என்று மறுநாள் லைனில் நின்று கத்தினாள். இயந்திரச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. பெண்கள் சிரித்துச் சிரித்து இரண்டு பாக்கெட்டைத் தவறவிட்டார்கள்.

சிரித்து என்ன பயன்? சங்கத்துக்குத்தான் போக வேண்டும். சங்கத் தலைவன் கோர்டி பெல்டோலா. கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பான். ஆனால் பெண்கள் விஷயம் என்று வாயைத் திறந்தால் அவன் காது அடைத்துக்கொள்ளும். ஆலைக்கும் சங்கத்துக்கும் மூன்று வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தம். முந்தைய இரண்டு ஒப்பந்தத்தின்போதும் டார்லீன் கேட்டாள். இரண்டு தடவையும் ஒரே பதில்தான்.

"கம்பெனி ஒத்துக்காது டார்லீன்."

"ஏன் ஒத்துக்காது?"

"ஒத்துக்காதுன்னா ஒத்துக்காது. எனக்குத் தெரியாதா அவனுங்களை?"

இந்த வருஷக் கடைசியில் பழைய ஒப்பந்தம் முடிகிறது. நவம்பர் கூட்டம் வரைக்கும் உறுப்பினர்கள் நிறைவேற்றுகிற கோரிக்கைகள்தான் பேச்சுவார்த்தைக்குப் போகும். அதில் சேரவில்லை என்றால் இன்னும் மூன்று வருஷம். அதனால் அக்டோபர் கூட்டத்தில் டார்லீன் எழுந்து நின்று முறைப்படி தீர்மானம் கொண்டுவந்தாள். கருத்தடை மருந்துக்கும் இன்சூரன்ஸ் வேண்டும், பேச்சுவார்த்தை மேஜையில் பாக்கெட் லைனிலிருந்து ஒருத்தி உட்கார வேண்டும், இவ்வளவுதான்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஏன், வெய்னை ராத்திரி ஷிஃப்டுக்கு அனுப்பிடேன், செலவே இல்ல!" என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு.

"உன் பொண்டாட்டி உன்னை அனுப்பிட்டாளே, அந்த மாதிரியா?" என்றாள் டார்லீன். மற்றவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

கோர்டி நெளிய ஆரம்பித்துவிட்டான். அன்றைக்குத் தொலைக்காட்சியில் கால்பந்து வேறு. எவனும் உட்காரத் தயாராக இல்லை. "இது பெரிய விஷயம், அவசரத்துல பேசக் கூடாது, அடுத்த கூட்டத்துல முதல் விஷயமா எடுத்துக்கலாம்" என்று மழுப்பிவிட்டு மேஜையில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினான். ஒத்திவைப்பதற்குக் கை தூக்கச் சொன்னான். அத்தனை ஆண்களும் தூக்கினார்கள். கூட்டம் முடிந்தது.

டார்லீன் வெளியே வந்து படியில் நின்று வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தபோது போனி லாகாஸ் பின்னாலேயே வந்தாள். போனிதான் சங்கத்தின் செயலாளர். குறிப்பு எழுதுவது பெண்கள் வேலை என்று ஆண்கள் ஒருமனதாகத் தீர்மானித்து அவள் தலையில் கட்டியிருந்தார்கள். ஐந்து பிள்ளைகள் பெற்றவள், ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள். மாத்திரை விஷயத்தில் அவளுக்கு இரண்டு மனசு. அவள் கண் அப்போது ஒரு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"டார்லீன், கத்தாத. நாம கூடுறது எந்த ஞாயிறு?"

"மூணாவது ஞாயிறு. அதுக்கென்ன இப்ப?"

"நவம்பர்ல மூணாவது ஞாயிறு என்ன தேதி வருதுன்னு பாரு."

டார்லீன் விரலை மடக்கி எண்ணினாள். எண்ணிவிட்டு போனியைப் பார்த்தாள். நவம்பர் பதினைந்து! மான் வேட்டை தொடங்குகிற நாள். அந்தப் பக்கத்தில் அது எந்தக் கிழமையில் வந்தாலும் பள்ளிக்கூடம்கூடத் திறக்காது. ஆண் என்று பெயர் வைத்துக்கொண்டவன் எவனும் ஊரில் இருக்க மாட்டான். முந்தின நாளே ஆரஞ்சு கோட்டை மாட்டிக்கொண்டு, பீர் பெட்டியை ஏற்றிக்கொண்டு, காட்டுக் குடிலுக்குப் போய்விடுவான்கள். கோர்டி தன் அப்பா செத்ததற்கு மறுவாரமே வேட்டைக்குப் போனவன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றாள் போனி.

விடவில்லை. ஆனால் அந்த ஒரு மாதம் டார்லீனுக்குச் சோறு இறங்கவில்லை. கோர்டி தேதியைப் பார்த்துவிட்டால்? ஒரு வாரத்துக்கு முன்னால் பலகையில் அறிவிப்பு ஒட்டினால் போதும், கூட்டத்தை மாற்றிவிடலாம். ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்ததும் முதலில் அந்தப் பலகையைத்தான் பார்த்தாள். அந்த ஒரு வாரக் கெடு தாண்டியும் ஒன்றும் ஒட்டவில்லை. கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை இடைவேளையில் கோர்டியே வந்தான், கையில் துப்பாக்கி எண்ணெய் வாசனையோடு.

"அட, ஞாயித்துக்கிழமை கூட்டம்ல வருது!" என்று தலையைச் சொறிந்தான். "மறந்தே போச்சு. சரி விடு, யாரு வரப்போறா? ஆள் சேராது. கூட்டம் தானா ரத்து."

"அப்ப என் தீர்மானம்?"

"என்ன பண்றது டார்லீன், நாள் அப்படி வந்துடுச்சு. அடுத்த ஒப்பந்தத்துல கண்டிப்பா பாத்துக்கலாம்."

யாரும் வரமாட்டார்கள் என்று அவன் சொன்னதில் சூது கிடையாது, அதுதான் எரிச்சல். ஆண்கள் வராவிட்டால் ஆளே வரவில்லை என்றுதான் அவன் மனதாரக் கணக்குப் போட்டான். பாக்கெட் லைனில் சந்தா கட்டுகிற நாற்பத்துச் சொச்சம் பெண்கள் அவன் கணக்கிலேயே இல்லை.

ஆனால் பெண்களும் அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டார்கள். அதுதான் அடுத்த தலைவலி. வேட்டை தொடங்குகிற நாளில் புருஷன்களைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் எல்லோரும் ஒரு பஸ் பிடித்துக் கடைவீதிக்கும் சூதாட்ட விடுதிக்கும் போவார்கள். மான் விதவைகள் என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டு போவார்கள். வருஷம் முழுக்கக் காத்திருக்கிற நாள். தீர்மானம் செல்ல முப்பது பேராவது கூடத்தில் உட்கார வேண்டும். கோர்டி போன கையோடு டார்லீன் லைனில் ஒவ்வொருத்தியாகக் கேட்டாள்.

"கூட்டமா? ஐயோ டார்லீன், அன்னிக்கா? பஸ்ஸுக்குப் பணம் கட்டிட்டேனே."

"எனக்குத்தான் எல்லாம் நின்னு போச்சே, எனக்கெதுக்கு மாத்திரை?"

"கோர்டிக்குத் தெரிஞ்சா என் வீட்டுக்காரர் மொகத்தை எங்க வெச்சுக்குவாரு?"

கடைசியில் டார்லீன் தலையில் அடித்துக்கொண்டாள். பாதிரியார், முதலாளி, புருஷன் எல்லோரோடும் மல்லுக்கட்டலாம், பஸ் டிக்கெட்டோடு யார் மல்லுக்கட்டுவது? மத்தியானம் சாப்பாட்டு அறையில், இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தவள், எதிரே இருந்த பெண்களிடம் போன குளிர்காலத்தைச் சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. நாள் தள்ளிப்போனது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செத்துப்போவதைப் பற்றி யோசித்தது, குளியலறைத் தரை, எல்லாம். எல்லாம் நின்று போயிற்று என்று சொன்னவள்தான் முதலில் மூக்கை உறிஞ்சினாள்.

"எனக்கும் ஒரு தடவை அப்படி ஆச்சு" என்றாள். "ஆனா உன்னை மாதிரி ஒண்ணுமில்லன்னு ஆகல, நெஜமாவே தங்கிடுச்சு."

போனி ரொம்ப நேரம் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "பஸ்ஸுக்கு ஏற்பாடு பண்றது யாரு? நான்தானே? பஸ் சங்கக் கூடத்து வாசல்லேருந்து கெளம்பும். கூட்டம் முடிஞ்சப்புறம்தான் கெளம்பும். வராதவ நடந்து போகட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குச் சங்கக் கூடத்தில் அதுவரை யாரும் கண்டிராத கூட்டம். தலைமுடியில் சுருள் உருளை மாட்டியபடி சிலர், லிப்ஸ்டிக்கும் குதிகால் செருப்புமாகச் சிலர், மடியில் கைப்பை. வாசலில் பஸ்காரன் எஞ்சினை ஓடவிட்டபடி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். தலைவன் காட்டில், துணைத் தலைவன் காட்டில், பொருளாளர் காட்டில். விதிப்படி அடுத்தது செயலாளர். போனி மேடையேறி சுத்தியலைக் கையில் எடுத்தாள். ஆட்களை எண்ணினாள், முப்பதுக்கு மேலேயே இருந்தது. ஒரே ஓர் ஆண், காலில் கட்டுப் போட்ட லியோனார்ட். வேட்டைக்குப் போக முடியாத கடுப்பில் இருந்தவனை அவன் மனைவி பஸ்ஸுக்கு வரும்போது கையோடு அழைத்து வந்திருந்தாள்.

"இதுல எதிர்த்துப் பேச யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள் போனி.

எல்லோரும் லியோனார்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க? எனக்கு ஏழு பிள்ளைங்க. சரின்னு எழுதிக்க" என்றான் அவன்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மேஜையில் உட்கார வேண்டியவள் டார்லீன் என்பதும் நிறைவேறியது. பஸ்ஸில் ஏறும்போது டார்லீன் போனியைக் கட்டிக்கொண்டாள். "நீ ஓட்டுப் போடலியே?" என்று கேட்டாள்.

"தலைமை வகிக்கிறவளுக்கு ஓட்டு இல்ல. நாளைக்குப் பாதிரியார் கேட்டா அதைத்தான் சொல்லுவேன்" என்றாள் போனி.

காட்டிலிருந்து திரும்பிய கோர்டிக்கு இதைக் கேள்விப்பட்டதும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இது செல்லாது! ஆளே இல்லாத நாள்ல கூட்டம் போட்டு..."

"ஆளே இல்லியா? நாங்க யாரு, நாற்காலியா?" என்றாள் டார்லீன்.

போனி விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். அவனே ஒத்திவைத்த தீர்மானம், அவனே வைத்த தேதி. அவன் படித்தான், மறுபடியும் படித்தான். "கம்பெனி எப்படியும் ஒத்துக்காது. என்னைப் பாத்து எல்லாரும் சிரிக்கப் போறாங்க" என்று முனகிக்கொண்டே போனான்.

டிசம்பரில் ஊர் ஹோட்டலின் மேல்மாடி அறையில் பேச்சுவார்த்தை. கம்பெனி சார்பில் ஹார்ட்விக் என்ற ஆள், நரைத்த மீசை, சளி பிடித்த மூக்கு. இந்தப் பக்கம் கோர்டியும் நாலு ஆண்களும் டார்லீனும். சம்பளத்துக்கு இரண்டு நாள் கத்தினார்கள். ஓவர்டைமுக்கு ஒரு நாள். டார்லீன் அதுவரை வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசிப் பழகியிருந்தாள். டாக்டர் சொன்னது, கன்னியாஸ்திரிகள், நீல மாத்திரை, ஒரே ஆலை ஒரே சந்தா ஒரே உழைப்பு, எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலைநிறுத்தத்துக்கு லைன் முழுக்கத் தயார் என்பதும் அதில் உண்டு.

கோர்டி தரையைப் பார்த்துக்கொண்டு, "அடுத்து... பொம்பளைங்களோட... கருத்தடை மருந்து. இன்சூரன்ஸ்ல" என்றான்.

ஹார்ட்விக் மூக்கைச் சிந்தினார். பக்கத்தில் இருந்த இன்சூரன்ஸ்காரனிடம் ஏதோ கேட்டார். அவன் தோளைக் குலுக்கினான்.

"சரி" என்றார் ஹார்ட்விக். "அடுத்தது என்ன?"

டார்லீனுக்குப் புரியவில்லை. "சரின்னா?"

"சரின்னா சரிதாம்மா. சேத்துக்கலாம். தெற்கே எங்க இன்னொரு ஆலையில போன ஒப்பந்தத்துலயே குடுத்துட்டோமே. ஒரு பிரசவச் செலவுல பாதிகூட ஆகாது. நீங்க யாரும் கேக்கவே இல்ல, இந்த ஊர்ல மதப் பற்று ஜாஸ்தி, வேண்டாம்போலன்னு நெனச்சுக்கிட்டோம்." திரும்பி, "காப்பி சூடா வேற இருக்கா?" என்று யாரையோ கேட்டார்.

அவ்வளவுதான். ஒரு தும்மல் நேரத்தில் முடிந்துவிட்டது. பழகி வைத்த பேச்சு முழுவதும் வீண். சந்தோஷப்பட வேண்டும் என்று டார்லீனுக்குத் தெரிந்தது, ஆனால் காது இரைந்தது, கழுத்து எரிந்தது. மிச்ச நேரம் அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் ஹோட்டல் வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோர்டி தன் வண்டிக்குப் போகப் பார்த்தான். டார்லீன் வழியை மறித்துக்கொண்டாள்.

"ரெண்டு ஒப்பந்தமா 'கம்பெனி ஒத்துக்காது'ன்னு சொன்னியே. ஒரு தடவையாவது கேட்டியா?"

கோர்டி தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டான்.

"கோர்டி, கேட்டியா இல்லியா?"

"எப்படிக் கேக்குறது டார்லீன்? உள்ள பாத்தேல்ல, அத்தனை பேரும் ஆம்பளைங்க. அவங்க மத்தியில போய் அந்தப் பேச்சை எப்படி எடுக்குறது? கூச்சமா இருந்துச்சு."

"கூச்சமா?" என்று அலறினாள். "நான் போன குளிர்காலம் முழுக்கச் சாவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். உனக்குக் கூச்சமா இருந்துச்சா? அப்ப உங்க மாத்திரையை மட்டும் எப்படிக் கேட்டீங்க? அதுக்கு வெக்கமா இல்லியா?"

கோர்டி விழித்தான். நடிக்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் விழித்தான்.

"அதை நாங்க எங்க கேட்டோம்?" என்றான். "அது தானா வந்துச்சு."

டார்லீனுக்கு அழுகைதான் வந்தது, கோபத்தில் வந்த அழுகை, அதை அவனுக்குக் காட்டவும் பிடிக்கவில்லை. திரும்பி நின்று தன் வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட ஆரம்பித்தாள். கோர்டி, "ஜெயிச்சுட்டேல்ல, அப்புறம் என்ன?" என்றான். அவன் வண்டி கிளம்பிப் போன பிறகும் அவள் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.